பானுமதி சமைக்கும் சனிக்கிழமை

பானுமதி மேடையில் அடுப்பு மூட்டிய சனிக்கிழமை மாலை விருத்தாசலத்தில் வேறு எந்த அடுப்பும் எரியவில்லை. கேஸ் சீறிக்கொண்டு வந்தது, தீக்குச்சியும் எரிந்தது, ஆனால் பர்னரில் தீ நிற்கவில்லை. கரண்ட் அடுப்பில் விளக்கு எரிந்தது, மேலே வைத்த பால் சில்லென்றே இருந்தது. பீங்கான் சூளைகள் மட்டும் வழக்கம்போல எரிந்தன; யாரோ யோசனை சொல்லி சூளை வாசலில் கொண்டுபோய் வைத்த உலைப்பானை வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை. நாடகம் முடிந்து அவள் தன் அடுப்பை அணைத்ததும் ஊர் அடுப்புகள் எல்லாம் பற்றிக்கொண்டன. மறுநாள் வந்த கேஸ் கம்பெனி ஆட்கள், ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவள் கம்மாபுரம் பக்கத்துப் பெண். ராஜ்மோகனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவன் நடத்திய ஓட்டலின் பின்கட்டில் பதினான்கு வருஷம் சமைத்தாள். முன்னால் நின்று பரிமாறியவன் ராஜ்மோகன். அந்த ஓட்டல் மீன்குழம்புக்குத் திட்டக்குடியிலிருந்துகூட ஆள் வந்தது. சாப்பாட்டுக் கடைகளை செல்போனில் படம்பிடித்துப் போடுகிற ஒருவன் வந்து விசாரித்தபோது, “எல்லாம் நம்ம கைப்பக்குவந்தாங்க” என்று ராஜ்மோகன் சிரித்தான். பின்கட்டில் மீன் அலசிக்கொண்டிருந்த பானுமதி அதைக் கேட்டாள். கையைக் கழுவிக்கொண்டு, பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த அக்கா நீலாவதி வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தத் தெருவில் மூடிக்கிடந்த ஜாடி கம்பெனிக் கொட்டகையில், புதுச்சேரியில் நாடகம் படித்த வெண்பா தன் குழுவோடு ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தாள். அவர்களுக்குச் சமைத்துப் போட ஆள் வேண்டியிருந்தது, பானுமதி போனாள். அவள் சமைப்பதை முதுகுப்பக்கமிருந்து பார்த்துக்கொண்டே இருந்த வெண்பா, எழுதி வைத்திருந்த நாடகத்தைத் தூக்கிப் போட்டாள். புது நாடகத்தில் வசனம் கிடையாது. வந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் வெங்காயம் உரித்துக் கொடுக்க வேண்டும். பானுமதி அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மீன்குழம்பும் சோறும் ஆக்குவாள். வெந்த பிறகு முதல் தடவையாகத் திரும்பி, எல்லோருக்கும் போடுவாள். அவ்வளவுதான். மாதா மாதம் முதல் சனிக்கிழமை நாடகம் என்று ஏற்பாடு.

முதல் மாதம் நடந்ததைத் தற்செயல் என்றார்கள். அடுத்த மாதம் ஒரு கல்யாண வரவேற்புக்கு ஊறப்போட்ட அரிசி ஊறியபடியே கிடக்க, மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் மண்டபத்திலேயே அடித்துக்கொண்டன. அதன் பிறகு ஊர் பானுமதியை மன்னிக்கவில்லை. டீக்கடைகளில் அவளுக்கு டீ இல்லை என்றார்கள். மீன் மார்க்கெட்டில் அவளைக் கண்டதும் கூடையை மூடினார்கள்; மங்கலம்பேட்டைக்குப் போய் மீன் வாங்கி வந்தாள். வெண்பாவின் ஸ்கூட்டர் டயரைக் கிழித்தார்கள். நீலாவதி வீட்டுக் கதவில் ‘சூனியக்காரி’ என்று தாரில் எழுதினார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரர், அடுத்தவர் வீட்டு அடுப்பு எரியாததற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவதென்று தெரியாமல் ஒரு தட்டு சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

அதற்கடுத்த மாதம் ராஜ்மோகன் ஒரு கூட்டத்தோடு கொட்டகைக்குள் நுழைந்து, குடத்துத் தண்ணீரை அடுப்பில் கொட்டினான். தண்ணீர் வழிந்து ஓடியது. அதற்குள்ளேயே தீ எரிந்தது, குழம்பு கொதித்தது.

“ஊரே பட்டினி கெடக்குது. ஒனக்கு நாடகம் கேக்குதாடி?” என்று கத்தினான்.

பானுமதி திரும்பவில்லை. “நான் யாரு அடுப்பையும் அணைக்கலீங்க. என் அடுப்பத்தான் பத்த வச்சேன்.”

“அப்ப எப்பிடி அணையுது?”

“எனக்கென்ன தெரியும்? வெங்காயம் அங்க இருக்குது. உரிக்கிறதுன்னா உக்காருங்க, இல்லன்னா வழிய வுடுங்க.”

கூட்டத்தில் வந்தவர்கள் மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாதவர்கள். ஒருவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “இது ராஜ்மோகன் அண்ணன் ஓட்டல் கொழம்பு வாசனயாச்சே” என்றான். எல்லோரும் ராஜ்மோகனைப் பார்த்தார்கள். ஊர் முன்னால் தன் வாயிலிருந்து ஒரு வார்த்தையை வரவழைக்கத்தான் இவள் இத்தனையும் செய்கிறாள் என்று அவனுக்கு அப்போது பட்டது. அதைச் சொல்லிவிட்டால் அடுப்புகள் எரியும் என்று நம்பினான். “ஆமா, இவ வச்சதுதான்! நீங்க இத்தினி வருஷம் தின்னதெல்லாம் இவ வச்சதுதான், போதுமா?” என்றான், காறித் துப்புவது போல. உடனே ஓட்டலுக்கு போன் போட்டான். “பத்துதாடா?”

“இல்லண்ணே” என்றது போன்.

பானுமதியின் கரண்டி கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. எத்தனையோ வருஷம் அவள் கேட்க விரும்பிய சொல் அது. இப்படி வந்து விழும் என்று நினைத்திருக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி கிண்டினாள். அன்று குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். கூட்டம் உட்கார்ந்து வெங்காயம் உரித்தது, சாப்பிட்டது, உப்பில்லை என்று திட்டிவிட்டு எழுந்து போனது. ராஜ்மோகன் மட்டும் சாப்பிடாமல் போனான். அடுத்த மாதம் அவனும் தட்டோடு வந்தான்.

இப்படி ஐந்தாறு வருஷம் ஆயிற்று. உள்ளூரில் அச்சடிக்கும் காலண்டரில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நடுவே நாடகச் சனிக்கிழமையும் இருக்கிறது. அந்தத் தேதியில் யாரும் முகூர்த்தம் வைப்பதில்லை. புரட்டாசியில் மட்டும் மீனுக்குப் பதில் கத்தரிக்காய்க் காரக்குழம்பு. பானுமதியிடம் இன்றைக்கும் தெருவில் யாரும் பேசுவதில்லை. அவள் வந்தால் கடைக்காரர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் எடை போடுகிறார்கள். நாடகச் சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் எல்லோரும் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, உரித்து, சாப்பிட்டு, திட்டிவிட்டுப் போகிறார்கள்.

போன ஆடி மாதம் அவளுக்கு நல்ல காய்ச்சல். கொட்டகைக் கதவு திறக்கவில்லை. நீலாவதி வாசலில் நின்று, “அவளுக்கு ஒடம்பு முடியல, இன்னிக்கி நாடகம் இல்ல, வூட்டுக்குப் போங்க” என்றாள். கையில் தட்டோடு நின்றவர்கள் பானுமதியை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். பிறகு வீட்டுக்குப் போய், பிள்ளைகளுக்குப் பிஸ்கட்டைக் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு, வெறும் வயிற்றோடு படுத்தார்கள். அடுப்பு எரிகிறதா என்று ஊரில் ஒருவரும் பற்றவைத்துப் பார்க்கவில்லை.