ஜாஹ்னவி சொன்ன இடம்

மன்னார்புரத்தில் ஆம்னி பஸ்ஸுக்கு டிக்கெட் போடும் ஜாஹ்னவி யாரையாவது ஒரு ஹோட்டலில் சாப்பிடச் சொல்லி அனுப்பினால், அவர் அங்கே எப்போது சாப்பிட்டாலும் முதல் வாய் அவள் நாக்கில் வந்து விழும். சென்னையானாலும் பெங்களூரானாலும் தாமதம் கிடையாது. இரண்டாவது வாயிலிருந்து சாப்பாடு அவரவருக்கே சொந்தம். இத்தனைக்கும் அவள் முப்பது வயதுவரை எந்த ஹோட்டல் படியும் ஏறியதில்லை. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் இருந்த அவர்கள் வீட்டில் வெளிச்சாப்பாடு என்ற பேச்சே எழாது. அப்பா பராசரன் பள்ளிக்கூடத்தில் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், கோயில் கோஷ்டியில் பிரபந்தம் சேவிக்கிறவர். பெருமாளுக்குப் படைத்து அவர் கண்டருளாத எதையும் வாயில் வைக்கமாட்டார். அந்த வீட்டுப் பெண்ணின் நாக்கில்தான் ஊரார் சாப்பாடெல்லாம் விழுந்தது. அவளோ மூன்று வருஷமாக ஒரே ஒருவனுடைய வாய்க்காகக் காத்திருந்தாள். வீட்டை விட்டுப் போன தம்பி லக்ஷ்மிகாந்த்தின் வாய்க்காக.

இது தொடங்கியது காட்டூர்க்கார அம்மாள் ஒருத்தியால். மகள் பிரசவத்துக்குச் சென்னை கிளம்பியவள், "காலைல எறங்கினா எங்கம்மா நம்பிச் சாப்பிடறது? ஃபோன்ல பாத்தா எல்லாக் கடைக்கும் நாலரை ஸ்டார் போட்டிருக்கான்" என்று கேட்டாள். திரும்பி வந்த பயணி யாரோ தாம்பரத்தில் ஒரு கடையைப் புகழ்ந்தது நினைவுக்கு வர, ஜாஹ்னவி அதைச் சொல்லி அனுப்பினாள். மறுநாள் காலை வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் வாயில் பொங்கல் ருசித்தது. மிளகு போதாது, நெய்க்குப் பதில் டால்டா. வயிற்றில் ஏதோ கோளாறு என்று வாயைக் கொப்பளித்துவிட்டு வேலைக்குப் போனாள். அம்மாள் ஊர் திரும்பியதும், "பொங்கல்ல டால்டாவா போட்டிருந்தான்?" என்று மெதுவாகக் கேட்டாள். "அட, நீயும் அங்க சாப்பிட்டிருக்கியா?" என்றாள் அம்மாள். அன்றோடு அந்தக் கடையின் பெயரை ஜாஹ்னவி யாருக்கும் சொல்வதில்லை.

அதன் பிறகு அவள் ஒழுங்காக வேலை செய்தாள். புதிய கடையென்றால், "நான் இன்னும் பாக்கலை, உங்க பொறுப்புல போங்க" என்று சொல்லி ஒருவரை மட்டும் அனுப்புவாள். வந்து விழுந்த வாய் சரியாக இருந்தால்தான் அடுத்தவருக்குச் சொல்வாள். ஒருமுறை நன்றாக இருந்த கடை மறுமுறையும் நன்றாக இருக்கும் என்று என்ன நிச்சயம் என்ற சந்தேகம் அவளுக்கு எப்போதும் உண்டு, அதனால் பழைய கடைகளுக்கும் அவ்வப்போது ஆள் அனுப்புவாள். தென்னூரிலிருந்தும் பாலக்கரையிலிருந்தும் டிக்கெட்டே வாங்காதவர்கள்கூட வந்து கேட்டுப் போனார்கள். பஸ் முதலாளி, வழியில் தன் மச்சான் நடத்தும் மோட்டலைச் சொல்லச் சொன்னார். ஒரே ஒரு நாள் சொன்னாள். பகல் வண்டி அங்கே நின்றது. முப்பது பேர் ஒன்றாக வாயில் வைத்த பரோட்டா அவள் நாக்கில் இறங்கியது. காறிய எண்ணெய் வாடை கவுண்டரைத் தாண்டி ரோடுவரை போய், எதிர்ப்பக்கம் ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். முதலாளி பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பெரிய கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் மீரான் மாதாமாதம் சரக்கெடுக்கச் சென்னை போகிறவர். அவர் பிரியாணிக்கு இடம் கேட்டபோது, கூட வேலை பார்க்கும் ஆரிஃபா சொன்ன கடையை ஜாஹ்னவி யோசிக்காமல் தன் வாயால் திருப்பிச் சொல்லிவிட்டாள். மறுநாள் ஏகாதசி. அப்பாவைப் போலவே தண்ணீர்கூடக் குடிக்காமல் கோயில் பிரகாரத்தில் உட்கார்ந்திருந்தவளின் வாயில் நடுப்பகலில் மட்டன் பிரியாணி வந்து நின்றது. அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினாள். பராசரன் வெகுநேரம் யோசித்தார். "தொண்டைக்குக் கீழ எறங்கலையோன்னோ? அப்போ அது போஜனம் ஆகாது. வாயை அலம்பிண்டு வா" என்றார். ஆரிஃபாவிடம் சொன்னபோது அவள் கவுண்டரில் தலையை வைத்துச் சிரித்தாள். "நோன்புல எனக்கு இப்படி வந்தா நான் வாயத் தொறக்கவே மாட்டேன் ஜானு, அப்படியே வச்சுக்குவேன். ஆமா, உப்பு சரியா இருந்துச்சா?"

மகளுக்குத் தீர்ப்பு சொன்ன பராசரனால் மகனுக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. லக்ஷ்மிகாந்த்தின் சட்டைப் பையில் முட்டை பஃப்ஸின் தூளைப் பார்த்த அன்று, "இந்த ஆத்துல இனிமே உனக்கு இலை கிடையாது" என்றார். அவன் பையைத் தூக்கிக்கொண்டு அக்காவின் கவுண்டருக்கே வந்து சென்னைக்கு டிக்கெட் கேட்டான். திருவல்லிக்கேணியில் அரவிந்தவல்லி மெஸ் என்று ஓர் இடம் உண்டு. அவளுக்குத் தெரிந்த கடைகளில் அதுதான் ஒருநாளும் பிசகாதது. பஞ்சு மாதிரி இட்லி, காபியில் மட்டும் சிக்கரி கொஞ்சம் தூக்கல். "அங்க போய்ச் சாப்பிடுடா" என்றாள். "எதுக்கு? நான் என்ன திங்கறேன்னு உன் நாக்கு வேவு பாக்கும், நீ போய் அப்பாட்ட ஒப்பிப்பே. நான் ஃபோன்ல ஸ்டார் பாத்துச் சாப்டுக்கறேன்க்கா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான். பிறகு நம்பரை மாற்றிவிட்டான். பராசரன் அவன் பெயரைச் சொல்வதை நிறுத்தினார்.

அவன் என்றைக்காவது அங்கே போவான் என்று ஜாஹ்னவி நம்பினாள். வருகிற வாய் அவனுடையதுதான் என்று எப்படித் தெரியும்? அதற்காக அந்த மெஸ்ஸுக்கு வேறு யாரையும் அனுப்பாமல் நிறுத்தினாள். திருவல்லிக்கேணி என்று கேட்டவர்களுக்கு, சட்னி நீர்த்துப்போன வேறொரு கடையைச் சொன்னாள். காலையில் எழுந்ததும் நாக்கை மேலண்ணத்தில் தட்டிப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்போது மறுபடி பார்ப்பாள். டிக்கெட்டில் தேதி மாற்றிப் போட்டாள், சீட் எண் தவறிப் போட்டாள். பட்டினி கிடக்கிறானோ, உயிரோடுதான் இருக்கிறானோ என்று தோன்றும்போது எழுந்துபோய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்து உட்காருவாள்.

ஒருநாள் மீரான் வந்து கவுண்டரில் கையூன்றி நின்றார். "ஏன் தங்கச்சி, அரவிந்தவல்லி மெஸ்ஸை மூடிட்டாங்களா?"

"இல்லைங்க."

"அப்ப ஏன் அந்தத் தண்ணிச் சட்னிக்காரன்ட்ட அனுப்பறீங்க? நீங்களே பேரைச் சொல்லலையே, என்னமோ ஆயிப்போச்சுன்னு நெனச்சு வாசல்வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன். உங்க வார்த்தைதான முக்கியம்."

அவர் போனதும் ஜாஹ்னவி ஆரிஃபாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஆரிஃபா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உன் தம்பி எப்படிச் சாப்பிடுவான்னு நீதான சொல்லியிருக்க? இட்லியக் காபில முக்கித் திங்கற ஜென்மம் தமிழ்நாட்டுல இன்னொண்ணு இருக்கா? ஆயிரம் பேர் நடுவுலயும் தெரியும். நீ பாட்டுக்கு எல்லாரையும் அனுப்பு."

அது உண்மை. சின்ன வயதிலிருந்தே அவன் முதல் துண்டு இட்லியைக் காபியில் நனைத்துத்தான் சாப்பிடுவான். பராசரன் அதை அநாசாரம் என்று திட்டாத நாள் இல்லை. ஜாஹ்னவி அன்று சாயங்காலமே மீரானைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். அடுத்த நாளிலிருந்து சென்னைக்கு டிக்கெட் வாங்கிய எல்லாருக்கும் அரவிந்தவல்லி மெஸ்ஸைச் சொன்னாள். விடிந்ததும் இட்லிகள் விழத் தொடங்கின. மிளகாய்ப்பொடி தொட்டது, சாம்பாரில் மிதந்தது, அவசரத்தில் சுடச்சுட விழுங்கியது. தன் வீட்டுக் காபி எந்த ருசி என்றே அவளுக்கு மறந்துபோனது. ஒருநாள் காபியில் நனைந்தது ஒன்று வந்தது. சொம்பைக் கீழே போட்டாள். அது வடை. இன்னொரு நாள் இட்லிதான், ஆனால் தொட்டது டீ. அந்த மெஸ்ஸில் டீ கிடையாது, யாரோ பிளாஸ்க்கில் கொண்டுபோயிருக்க வேண்டும். மெஸ்ஸில் கூட்டம் ஏறி வாசலில் வரிசை நின்றது. சாப்பிட்டவர்கள் ஃபோனில் ஸ்டாருக்குக் கீழே "மன்னார்புரம் ஜாஹ்னவி அனுப்பினாங்க" என்று எழுதிவைத்தார்கள். லக்ஷ்மிகாந்த் அதைப் பார்த்தானா, கூட வேலை செய்கிறவர்கள் யாராவது அழைத்துப்போனார்களா என்பது இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை.

மாசி மாத ஏகாதசியன்று காலை, பராசரன் கூடத்தில் திருமண் இட்டுக்கொண்டிருந்தார். துளசிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஜாஹ்னவி அப்படியே நின்றாள். பஞ்சு இட்லி, நடுவரை ஊறியது. சிக்கரி தூக்கலான காபி. வழக்கம்போல் கொஞ்சம் அதிகமாகவே முக்கிவிட்டான். துளசித் தொட்டி நிரம்பித் தண்ணீர் முற்றத்தில் ஓடியது.

"என்னடீ, யாரோட வாய்?" என்றார் பராசரன்.

"காபி. இட்லியோட."

அவர் கையிலிருந்த ஸ்ரீசூர்ணக் குச்சியைக் கீழே வைத்தார். "சர்க்கரை போட்டிருக்கானா?" என்றார்.

"கம்மிப்பா."

"கம்மியாத்தான் குடிப்பான். எத்தனை இட்லி?"

"முதல் வாய்தானேப்பா எனக்கு வரும். எப்படித் தெரியும்?"

"லக்ஷ்மிகாந்த் நாலுக்குக் குறையாம சாப்பிடுவான்" என்று சொல்லிவிட்டு அவர் நெற்றியில் பாதியில் விட்ட சிவப்புக் கோட்டை முடித்தார்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. பராசரன் இப்போதெல்லாம் காலையில் தன் காபியைத் தம்ளரில் ஊற்றி வைத்துக்கொண்டு மகளின் முகத்தையே பார்த்தபடி இருப்பார். அவள் தலையாட்டிய பிறகுதான் எடுத்துக் குடிப்பார். லக்ஷ்மிகாந்த் இன்னும் ஃபோன் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் நேரம் கழித்து எழுந்திருப்பதால் அன்று அந்த வீட்டில் காபி ஆறிப்போகும். அதைச் சுடவைத்துக் கொடுத்துவிட்டு, ஜாஹ்னவி அடுத்த பஸ்ஸைப் பிடித்து மன்னார்புரம் போகிறாள்.