ஜூன் மாதத்து யத்விகா

வயதானவர்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றிக் காட்டுவது என் பிழைப்பு. வார்சாவில் தொடங்கி, கிராக்கோவ், வ்ரோட்ஸ்வாஃப், தோருன் என்று போய், க்தான்ஸ்கில் கடலைக் காட்டி முடிப்பேன். ஏறும்போது எல்லாரும் வரலாறு பார்க்க வந்ததாகத்தான் சொல்வார்கள். இரண்டாம் நாளே சாயம் வெளுத்துவிடும். பாதிப் பேர் வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் வந்தவர்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் பேசிச் சம்பாதிக்கிறவள், அவர்கள் கேட்டுவிட்டுப் போகட்டும்.

ஆனால் வலென்டி எதையும் கேட்கவில்லை. வார்சாவின் பழைய சதுக்கத்தை இடிபாட்டிலிருந்து எப்படிக் கட்டி எழுப்பினார்கள் என்று தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், மனிதர் புறாவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எண்பதைத் தொட்ட வயது, நல்ல உயரம், அமெரிக்கச் சட்டை. சிகாகோவிலிருந்து வந்தவர். போலிஷ் பேசுவார், ஆனால் அது எங்கள் அப்பா காலத்துப் போலிஷ். இந்த ஆள் எதற்கு வந்தார் என்று எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

கிராக்கோவில்தான் விஷயம் வெளியே வந்தது. வ்ரோட்ஸ்வாஃப் விடுதியில் ஏதோ திருமணக் கூட்டமாம், ஒரு நாள் தள்ளி வர முடியுமா என்று கேட்டார்கள். எனக்கென்ன, நடுவில் செஸ்டோஹோவா மாதா கோவிலைச் செருகிவிட்டால் ஆயிற்று. காலை உணவின்போது அதை அறிவித்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். வலென்டி மட்டும் காப்பியை அப்படியே வைத்துவிட்டு என் பின்னாலேயே படிக்கட்டு வரை வந்தார்.

"அம்மா, எட்டாம் தேதி நான் வ்ரோட்ஸ்வாஃப்ல இருந்தாகணும். அதுக்காகத்தான் இந்தப் பஸ்லயே ஏறினேன்."

ஏன் என்று கேட்டேன். மகள் அங்கே இருக்கிறாளாம். அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது சிகாகோவுக்கு வேலைக்குப் போனவர். முதலில் பொட்டலம் அனுப்பினார், பிறகு அங்கேயே இன்னொரு குடும்பம் ஆனது, பொட்டலமும் நின்றது. இங்கே விட்டுப்போன மனைவி இறந்ததற்குக்கூட வரவில்லை. இதையெல்லாம் ரொட்டி விலை சொல்வதுபோல் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. என்ன மனுஷன் இவர் என்று இருந்தது. முகவரியை ஒரு சித்தப்பா மகன் கொடுத்திருக்கிறான்.

நேராகப் போக வேண்டியதுதானே, இதற்கு எதற்கு என் பேருந்து என்றேன்.

நேராகப் போனால் கெஞ்ச வந்ததுபோல இருக்கும் என்றார். சுற்றுலா வந்தேன், வழியில் இந்த ஊர், எட்டிப் பார்த்தேன் என்று சொன்னால் இரண்டு பேருக்கும் சங்கடம் இல்லையாம். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அன்னிக்கு அவளுக்குப் பெயர்நாள். பிறந்தநாள்னா கூப்பிட்டாத்தான் போக முடியும். பெயர்நாளுக்கு யாரும் கூப்பிட மாட்டாங்க, ஞாபகம் வெச்சிருக்கிறவன் போவான். வந்தவனை வாசல்லயே திருப்பி அனுப்புற வழக்கம் நம்மகிட்ட கிடையாது. இன்னும் மாறலையே அது?"

மாறவில்லை என்றேன். அது உண்மைதான். என் அம்மாவுக்குப் பிடிக்காத பக்கத்து வீட்டுக்காரிகூட அவள் பெயர்நாளுக்கு வந்து கேக்கைத் தின்றுவிட்டுத்தான் போவாள்.

"மகள் பேர் என்ன, ஐயா?"

"யத்விகா."

வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன்.

எங்கள் நாட்டில் ஒருவருக்கு எந்தப் புனிதரின் பெயரோ அந்தப் புனிதரின் திருநாள்தான் பெயர்நாள். யத்விகா என்ற பெயரில் இரண்டு புனிதைகள். ஒருத்தி கிராக்கோவில் வாவெல் கோவிலில் கிடக்கிற ராணி. அவள் நாள் ஜூன் எட்டு. இன்னொருத்தி அவளுக்கு வெகுகாலம் முந்தியவள், தென்மேற்கே உள்ள சைலீசியாப் பகுதியின் கோமகள், அவள் நாள் அக்டோபர் நடுவில். ராணிக்குப் புனிதைப் பட்டம் கொடுத்ததே தொண்ணூற்றேழில்தான். அதற்கு முன்னால் பிறந்த யத்விகாக்கள் எல்லாரும் அக்டோபரில்தான் கேக் வெட்டுவார்கள். மகளின் ஆறு வயது வரை கூட இருந்தவர், எந்த மாதம் என்பதே இவருக்கு மறந்துபோயிருக்கிறது. சிகாகோவில் நாள்காட்டியைப் புரட்டியிருக்கிறார், ஜூன் எட்டு யத்விகா என்று அச்சடித்திருக்கிறது, அதை நம்பிவிட்டார். அதிலும் அவர் மகள் வ்ரோட்ஸ்வாஃப்காரி. அது சைலீசியாவின் தலைநகர், அங்கே கோமகள்தான் எல்லாம்.

விடுதிக்காரரிடம் சண்டை போட்டு அறைகளைத் திரும்ப வாங்கினேன். கொஞ்சம் கத்த வேண்டியிருந்தது, அது எனக்குப் புதிதில்லை.

ஓட்டுநர் லெஷெக்கிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். என்னோடு பல வருடமாக ஓட்டுகிறவன், கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டான். சொல்லிவிடு, இல்லாவிட்டால் அந்த ஆள் அங்கே போய் அசிங்கப்படுவார் என்றான்.

"சொன்னா என்ன ஆகும்? அக்டோபர்ல வரேன்னு சிகாகோவுக்குக் கிளம்பிடுவார். அப்புறம் வருவாரா?"

"வயசாயிடுச்சுன்னு சொல்றியா?"

"வயசு இருக்கட்டும். அந்தத் தைரியம் அக்டோபர் வரைக்கும் தாங்காது."

அவன் வண்டிக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டான். நானும் உறுதியாக எதையும் முடிவு செய்யவில்லை. போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். எனக்கு அது வழக்கம்.

எட்டாம் தேதி காலை கிளம்பினோம். வலென்டி முகத்தை மழமழவென்று வழித்து, கழுத்தில் டை கட்டி, மடியில் பியோனிப் பூக்கொத்தோடு முன் இருக்கையில் வந்து உட்கார்ந்துவிட்டார். பேருந்துக்கே விஷயம் தெரிந்துபோயிற்று, ஆனால் பெயர் மட்டும் தெரியாது. மகளின் பெயர்நாளாம், பாவம், என்று பெண்கள் அவரிடம் ஆப்பிள் துண்டும் சாக்லேட்டும் நீட்டிக்கொண்டே இருந்தார்கள்.

சைலீசியாவுக்குள் நுழையும் இடத்தில் நான் ஒலிவாங்கியை எடுப்பேன். அந்த இடத்தில் என் பேச்சு எப்போதும் கோமகள் யத்விகாவில்தான் தொடங்கும். அவளும் அவள் கணவனும் அவள் கட்டிய மடமும் இல்லாமல் அந்த மண்ணைப் பற்றிப் பேசவே முடியாது. அன்று அவளை அப்படியே முழுங்கிவிட்டு நிலக்கரியைப் பற்றிப் பேசினேன். நிலக்கரி, ரயில், மறுபடியும் நிலக்கரி.

ஒட்டீலியா கையைத் தூக்கினாள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, ஒவ்வொரு குழுவிலும் ஒருத்தி இருப்பாள், நான் ஆண்டைத் தப்பாகச் சொல்லமாட்டேனா என்று காத்திருப்பாள்.

"மேடம், சைலீசியாவைப் பத்திப் பேசுறீங்க, முக்கியமான ஆளையே விட்டுட்டீங்களே. அக்டோபர்ல நாம கொண்டாடுற..."

லெஷெக் பிரேக்கை அழுத்தினான். எல்லாரும் முன்னால் சாய்ந்தார்கள். கழிப்பறைக்கு நிறுத்துகிறேன் என்றான். இப்போதுதானே நிறுத்தினாய் என்று யாரோ கத்தினார்கள். அவன் காதில் வாங்கவில்லை.

பெட்ரோல் நிலையத்தின் பின்னால் ஒட்டீலியாவை ஓரம் கட்டினேன். மகளின் பெயரைச் சொன்னேன். அவளுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒரு கிழவரைத் தெரிந்தே குழியில் தள்ளுகிறீர்கள் என்று என்னைத் திட்டினாள். நல்லாத்தான் திட்டினாள், முப்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் அடக்கிய குரல். திட்டி முடித்துவிட்டு, அவரிடம் போய்ச் சொல்லத்தான் கிளம்பினாள். கண்ணாடிக்கு அப்பால் அவர் தெரிந்தார். பூக்கொத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார், டையில் படாமல் கையை நீட்டி வைத்துக்கொண்டு. ஒட்டீலியா பேருந்தில் ஏறி, தன் இடத்தில் போய் உட்கார்ந்து, வ்ரோட்ஸ்வாஃப் வரைக்கும் வாயே திறக்கவில்லை.

குழுவைத் தீவுக் கோவில் பக்கம் ஒட்டீலியாவின் பொறுப்பில் விட்டேன். அவளும் அதற்காகவே பிறந்தவள்போல முன்னால் நடந்தாள். வலென்டி என்னையும் கூட வரச் சொன்னார். சுற்றுலா வந்ததற்கு நான்தான் சாட்சியாம்.

ஆற்றுக்கு வடக்கே பழைய கட்டடம், மூன்றாம் மாடி, மின்தூக்கி கிடையாது. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினார். மேலே சத்தம் கேட்கிறதா என்று என்னிடம் கேட்டார். பெயர்நாள் என்றால் படிக்கட்டு வரை பேச்சும் சிரிப்பும் வரும். ஒரு சத்தமும் இல்லை. இன்னும் ஆட்கள் வந்திருக்க மாட்டார்கள் என்று அவரே சொல்லிக்கொண்டார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். அவர் கையைப் பிடித்து அடுத்த படி ஏற்றினேன்.

மணியை அடித்தார்.

கதவைத் திறந்தவளுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். தலை முழுக்கச் சாயம், அதன்மேல் பிளாஸ்டிக் உறை, கையில் ரப்பர் உறை, கால் அருகே வாளி. அதே உயரம், அதே நெற்றி. வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

வலென்டி பூக்கொத்தை நீட்டினார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தையில் மிஞ்சியது இவ்வளவுதான்.

"பெயர்நாள் வாழ்த்து, யத்விகா. சுற்றுலா வந்தேன். பஸ் கீழ நிக்குது."

அவள் பூவை வாங்கவில்லை. அவரையே பார்த்தாள். யார் என்று கேட்கவும் இல்லை.

"என் பெயர்நாள் அக்டோபர்ல," என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும். நீட்டிய கை மெல்லக் கீழே இறங்கியது.

"தப்பான நாள்ல வந்துட்டேன்," என்றார். "மன்னிச்சுக்கோம்மா. பஸ் வேற காத்திட்டு இருக்கு."

சொல்லிவிட்டு உண்மையாகவே படியில் ஒரு காலை வைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேருந்து காத்திருக்கவில்லை, இவர் இதற்காகவே கடல் தாண்டி வந்திருக்கிறார், சுற்றுலா எல்லாம் சும்மா பேச்சுக்கு என்று நான் போட்டு உடைத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் ரப்பர் உறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள்.

"அக்டோபர்ல வந்திருந்தா வீடு நிறைய ஆள் இருக்கும். உங்களையும் ஒரு நாற்காலியில உக்கார வெச்சு, ஒரு துண்டு கேக் குடுத்திருப்பேன். எல்லாருக்கும் குடுக்கிற மாதிரி. வந்தவங்களப் போன்னு சொல்லக் கூடாதில்லையா. நீங்களும் தின்னுட்டு, ராத்திரி எல்லாரோடயும் கிளம்பியிருப்பீங்க."

"ஆமா," என்றார் வலென்டி.

"இன்னிக்கு அப்படி இல்ல. இன்னிக்குப் போங்கன்னு சொன்னா என்னை ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"ஆமா."

கீழ்வீட்டில் யாரோ சமையல் செய்கிற வாசனை வந்தது. அவள் நெற்றியில் சாயம் ஒரு கோடாக வழிந்தது, துடைக்கவில்லை. சொல்லிவிடு, எதையாவது சொல்லிவிடு என்று அவளைப் பார்த்து எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அவள்மேல் எனக்குக் கோபமும் வரவில்லை, இத்தனை வருடத்துக்கு அவள் கதவைச் சாத்தினாலும் நியாயம்தான்.

அவள் வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"ஷூவைக் கழட்டுங்க. இப்பத்தான் துடைச்சேன்."

எங்கள் ஊரில் விருந்தாளி ஷூவைக் கழற்றக் குனிந்தால், வேண்டாம் வேண்டாம் என்று பதறித் தடுப்போம், தரை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும். கழற்று என்று வீட்டு ஆளிடம்தான் சொல்வோம். வலென்டிக்கு அது தெரிந்திருந்தது. பூக்கொத்தை என் கையில் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்த வயதில் படிக்கட்டிலேயே உட்கார்ந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். இழுத்த இழுப்பில் முடிச்சு இன்னும் இறுகியது. அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, நகத்தால் அந்த முடிச்சை எடுத்தாள்.