மெத்தைக் கடைக்காரரின் தூக்கம்

பரங்கிப்பேட்டை நூர்முகம்மது ஹாஜியார் கடைசியாகக் கண்ணயர்ந்து ஏழு வருஷம் ஆகிறது. சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அவருக்கு மெத்தைக் கடை இருக்கிறது. இலவம்பஞ்சு, தேங்காய் நார், ஸ்பிரிங், ரப்பர் என்று கடைக்கு வந்து இறங்கிய சரக்கு எல்லாவற்றிலும் அவர் ஒருமுறை படுத்துப் பார்த்துவிட்டார். அண்ணாமலை நகர் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அவரைத் தவிர மற்றவர்களுக்கு நன்றாகவே வேலை செய்தது. அதை உறையிலிருந்து பிரித்துக் கொடுத்த மருமகள் அம்ரீன், விரலில் ஒட்டிய தூளுக்கே மத்தியானம் வரை தூங்கினாள். ஹாஜியாருக்கு உடம்பில் வேறு குறை எதுவும் இல்லை. பசித்தது, ஜீரணித்தது, கொஞ்சம் எடைகூடப் போட்டார். தூக்கம் மட்டும் அவரிடம் இல்லை. அதை எடுத்துக்கொண்டவன் பாரிசுக்கு வடக்கே சார்செல் என்ற ஊரில் பிரெஞ்சு மொழியில் ராப் பாடும் ஜாபிர் என்பது ஊருக்கே தெரியும். ஜாபிர் அதை ஒருபோதும் மறுத்ததில்லை.

ஜாபிரின் வாப்பா அமானுல்லா பாவா, நோன்பு மாதத்தில் விடிவதற்கு முன்னால் தெருத் தெருவாகப் போய் மக்களைச் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பிவிடுகிறவர். கையில் தப்ஸ் இருக்கும். மரவளையத்தில் ஆட்டுத்தோல் இழுத்துக் கட்டிய அந்த வாத்தியத்தை விரலால் தட்டி, ஒவ்வொரு வாசலிலும் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, உள்ளே விளக்கு எரிந்த பிறகே அடுத்த வாசலுக்கு நகர்வார். பெருநாள் அன்று வீடுகளில் அவருக்கு அரிசியும் ஒரு கைலியும் கொடுப்பார்கள். சிங்கப்பூரிலிருந்து திரும்பி மாடிவீடு கட்டி முடித்திருந்த நூர்முகம்மதுவுக்கு இது பிடிக்கவில்லை. ஒரு நோன்பில், தப்ஸும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட குரலும் கேட்டுக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். “பள்ளிவாசல்ல சைரன் ஊதுறானுவ. அப்பறம் நீ எதுக்குய்யா வூட்டு வாசல்ல வந்து என் பேரைச் சொல்லிக் கத்துற? நான் என்னா உன் கூட்டாளியா?” என்று கேட்டார். பதில் வருமுன் தப்ஸைப் பிடுங்கி முழங்காலில் வைத்து அழுத்தினார். தோல் கிழிந்த சத்தத்தில் அந்தத் தெருவில் எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தன. பாவா வளையத்தைக் குனிந்து எடுத்துக்கொண்டு, “நேரமாவுது மரைக்காயர், சாப்பிட்டுடுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார்.

மிச்ச நோன்பு முழுக்க அவர் வெறும் வாயாலேயே ஊரை எழுப்பினார். பெருநாள் பிறை தெரிந்தபோது தொண்டை வீங்கியிருந்தது. அதற்கடுத்த வாரம் குரல் போய்விட்டது. பிறகு படுக்கைதான். நூர்முகம்மது அந்த வருஷமே ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கிளம்புமுன் வீடு வீடாகப் போய், தெரிந்தோ தெரியாமலோ செய்த குற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன் பொறுத்தால்தான் மேலே இறைவனிடமும் செல்லும். நூர்முகம்மது அந்த முறைப்படி, எல்லைத் தகராறு வைத்திருந்தவன் வீட்டுக்குக்கூடப் போனார். அவர் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் பாவாவின் மனைவி ஆரிபா புருஷனுக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு, தலையணையை முட்டுக்கொடுத்து உட்காரவைத்து, நன்னாரி சர்பத் கலந்து தட்டால் மூடி வைத்தாள். ‘பொறுத்துக்கிட்டேன்’ என்ற ஒரு வார்த்தைக்காகப் பாவா முந்தின நாளிலிருந்தே வாயைத் திறக்காமல், மிச்சமிருந்த கொஞ்சம் குரலைச் சேர்த்து வைத்திருந்தார். பத்து வயது ஜாபிர் வாசலில் நின்றான். நூர்முகம்மது பக்கத்து வீட்டில் கட்டித் தழுவிவிட்டு வெளியே வந்தார், செருப்பை மாட்டினார், இவர்கள் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் நுழைந்தார். “வருஷா வருஷம் நம்ம வூட்டு அரிசியை வாங்கித் தின்னவன்கிட்ட என்னத்தப் போய் கேக்கறது?” என்று மனைவியிடம் சொன்னாராம். அவர் மக்காவில் இருந்த வாரத்தில் பாவா மவுத்தாகி அடக்கமும் ஆனார். சேர்த்து வைத்த குரலை வேறெதற்கும் செலவழிக்கவில்லை. அந்தச் சர்பத்தை ஆரிபா கொட்டவில்லை; அது கெடவும் இல்லை.

காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த சாச்சி, ஆரிபாவின் தங்கை, அடுத்த வருஷம் ஜாபிரைத் தன்னோடு பாரிசுக்கு அழைத்துக்கொண்டு போனாள். அவன் எடுத்துப் போனது தோலில்லாத அந்த வளையம் ஒன்றைத்தான். சார்செல் பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தான். பிறகு ஒரு திங்கட்கிழமை பிரெஞ்சு மொழி முழுவதும் ஒன்றாக அவன் வாயில் வந்து சேர்ந்தது. கெட்ட வார்த்தைகள் முதலில் வந்தன. அல்ஜீரியா, மாலி, ஹைதிப் பிள்ளைகளோடு மாடிப்படிக்குக் கீழே நின்று வார்த்தையால் அடித்துக்கொள்ளக் கற்றான். ராப் பாடுகிறவர்கள் எதிரியைப் பெயர் சொல்லி ஏசுவார்கள். ஜாபிர் அதைத் தலைகீழாகச் செய்தான். குற்றம் செய்தவனைச் சுற்றியிருக்கிற எல்லார் பெயரையும் வரிசையாகச் சொல்லுவான், அவன் பெயரை மட்டும் விட்டுவிடுவான். விடுபட்ட இடத்தில் அந்த வெறும் வளையத்தை விரலால் தட்டுவான். பெயர் விடுபட்டவனுக்கு அன்றிலிருந்து தூக்கம் போய்விடும். குளிர்காலத்தில் குடியிருப்புக்கு வெந்நீரை நிறுத்திய மேலாளர் மூன்றாம் நாள் தாடி மழிக்காமல் வந்து தானே குழாயைத் திறந்துவிட்டார். சரி செய்தவர்களுக்குத் தூக்கம் திரும்பிவிடும். இது அங்கே பெரிய அதிசயமாகப் பேசப்படவில்லை. மனுக் கொடுக்கிற மாதிரி ஜனங்கள் அவனிடம் வந்தார்கள். லாரி ஓட்டுகிறவர்களும் ஆஸ்பத்திரி நர்சுகளும் அவன் பாட்டை விரும்பி வாங்கினார்கள். ‘சஹர்’ என்ற மேடைப் பெயரில் நாலு ஆல்பம் வந்தது, விருது வந்தது. பிரெஞ்சுப் பத்திரிகைக்காரி ஒருத்தி, இவ்வளவு கோபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். இதுவரை பாடியதெல்லாம் கை பழகுவதற்கு என்று ஜாபிர் சொன்னான்.

ஐந்தாவது ஆல்பத்தில் ‘எல்லாக் கதவுகளும்’ வந்தது. வாப்பா எழுப்பிய வரிசையிலேயே, தெரு மாறாமல், பரங்கிப்பேட்டை வீட்டுக்காரர்களின் பெயரை அவன் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு போனான். யார் வீட்டில் மாமரம், யார் வீட்டு நாய் கடிக்கும், யார் ஒரே கூப்பாட்டில் எழுவார் என்பதெல்லாம் அதில் இருந்தது. ஒரு வாரத்தில் அந்தப் பாட்டு ஊருக்கு வந்து சேர்ந்தது. ஒரு சொல் புரியாவிட்டாலும் பெயர் புரிந்தது. “டேய் மச்சான், எங்க பாட்டன் பேரு பாரிசுல ஓடுதுடா. உங்க பாட்டனுக்கு நாய்க்கு அப்பறந்தான் எடம் குடுத்திருக்கான்!” என்று டீக்கடையில் கேலி நடந்தது. பிச்சாவரத்துப் படகுகளில் போட்டார்கள், கடலூர் பஸ்ஸில் போட்டார்கள். மெத்தைக் கடையில் ஹாஜியாரின் மகன் ஆசிக் போட்டான். ஹாஜியார் கல்லாவில் உட்கார்ந்து சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். “நம்ம பேரு எப்படா வரும்?” என்றார். ஆசிக் ஒருமுறை ஓட்டிப் பார்த்தான், இன்னொருமுறை ஓட்டிப் பார்த்தான். “வரல வாப்பா. நம்ம வூட்டைத் தாண்டிப் போயிட்டான்” என்றான்.

அன்றைக்குப் போனதுதான் அவர் தூக்கம். அது வீணாகப் போகவில்லை. பாட்டில் பெயர் வந்த வீடுகளுக்கெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேர்ந்தது. ஊர் அப்படித் தூங்கி ஒருவரும் பார்த்ததில்லை. பிரஷர்காரர்களுக்குப் பிரஷர் இறங்கியது, பிள்ளைகள் மளமளவென்று வளர்ந்தார்கள், கட்டிலிலிருந்து விழுந்தவர்கள் தரையிலேயே தொடர்ந்தார்கள். மறு நோன்பு வந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. முதல் நாள் சஹருக்கு ஒருவரும் எழவில்லை. சைரன் ஊதுகிறவருடைய வீடும் பாட்டில் இருந்ததால் சைரனும் ஊதவில்லை. போன்கள் தலைமாட்டில் அலறி ஓய்ந்தன. ஊர் வெறும் வயிற்றோடு நோன்பு பிடித்து, சாயங்காலம் நோன்புக் கஞ்சிக்கு முண்டியடித்தது. சஹர் சாப்பிட்டவை இரண்டே வீடுகள். ஒன்று ஹாஜியாருடையது. இன்னொன்று ஆரிபாவுடையது. பாட்டில் அவள் வீட்டுக்குப் பெயர் எதுவும் சொல்லாமல் ஜாபிர் வளையத்தை மட்டும் மெதுவாகத் தட்டியிருந்தான், அவள் மேல் குற்றம் எதுவும் இல்லாததால் அவள் தூக்கம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இரண்டாம் நாள் ஹாஜியார் தெருவில் இறங்கிக் கதவுகளைத் தட்டினார். தகர டப்பாவைத் தட்டினார். பெயர் சொல்லிக் கத்தினார். யாரும் புரண்டுகூடப் படுக்கவில்லை. கர்ப்பிணிகள் வாடினார்கள், கிழவர்கள் மயங்கினார்கள், பள்ளிவாசலில் மற்றவர்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவருக்குக் காரணம் புரிந்தது. வீடுகளுக்குள் கிடப்பது அவருடைய சொந்தத் தூக்கம். அதன் குணம் வேறு யாரையும்விட அவருக்குத் தெரியும். தப்ஸ் சத்தத்துக்குத்தான் அது கலையும். ஒருமுறை கலைந்திருக்கிறது.

ஆரிபா மகனுக்குப் போன் செய்தாள். “கெளம்பி வா. அந்தாளு வராம இருக்க முடியாது. நீ கண்ணால பாக்கணும்ல” என்றாள். ஜாபிர் வருகிற வழியில் கடலூர் முதுநகரில் இறங்கி, வளையத்துக்குப் புதுத் தோல் கட்டி வாங்கிக்கொண்டு வந்தான். போன் செய்த மூன்றாம் நாள் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து ஹாஜியார் வந்தார். அந்த வாசலில் அவர் நிற்பது அதுவே முதல் தடவை. எதிர்வீட்டு ஜன்னல்களில் ஆள் இருப்பது தெரிந்தும் செருப்பைக் கழற்றினார். விமானத்தில் ஜாபிர் அவருக்காக எத்தனையோ வசைகளைப் பிரெஞ்சில் கோத்து வைத்திருந்தான். நேரில் பார்த்ததும் அவை தேவைப்படவில்லை.

“பொறுத்துக்க தம்பி” என்றார் ஹாஜியார்.

“என்கிட்ட கேட்டு என்னா பண்றது? யாருக்குச் செஞ்சீங்களோ அவுங்ககிட்ட கேளுங்க.”

“அவுங்கதான் மவுத்தாயிட்டாங்களே.”

“ஆமா. நீங்க மக்காவுல இருந்தப்போ.”

ஆரிபா உள்ளே போய், தட்டு மூடிய டம்ளரை எடுத்து வந்தாள். தட்டை நீக்கியதும் நன்னாரி வாசம் அன்று கலந்தது போல வந்தது. நோன்பாளியான ஹாஜியார் நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டார். “இது நீங்க வர்றப்போ அவுங்க கையால குடுக்கணும்னு வச்சது ஹாஜியார். கையி இல்ல, இனிமே எதுக்கு?” என்று சொல்லி, அவர் கால் ஓரமாக வாசலில் ஊற்றினாள். மண் உடனே குடித்துவிட்டது.

“பொறுக்க வேணாம். தூக்கத்தையாவது திருப்பிக் குடுத்துடுப்பா. மெத்தைக் கடை வச்சிருக்கேன், சிரிக்கிறானுவ” என்றார் அவர்.

“அது என்கிட்ட ஏது? ஊருக்குப் பிரிச்சுக் குடுத்தாச்சு. வேணும்னா வூடு வூடா போயிக் கேளுங்க. வழிதான் உங்களுக்குத் தெரியுமே” என்றான் ஜாபிர். தப்ஸை அவர் கையில் வைத்தான். தட்டுவதற்காக முதல் முறை பிடித்ததால் தலைகீழாகப் பிடித்தார். ஜாபிர் திருத்தவில்லை.

மறுநாள் சஹருக்கு ஊர் எழுந்தது. ஒவ்வொரு வாசலிலும் தப்ஸ் கேட்டது, பெயர் கேட்டது, விளக்கு எரிந்தது. சில வீடுகளில் அவர் தன் தூக்கத்தைக் கேட்டும் பார்த்தார். பிரஷர் இறங்கியவர்கள் தர மறுத்தார்கள். ஒரு கிழவர் மட்டும், “எடுத்துக்கிட்டுப் போப்பா, எனக்குக் கனவு ஜாஸ்தியாப் போச்சு” என்றார்; ஆனால் அதை எப்படிக் கொடுப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. அந்தப் பெருநாளில் அம்ரீன் தடுத்தும் ஹாஜியார் வீடு வீடாகப் போய் அரிசியும் கைலியும் வாங்கினார். முறை அப்படித்தான்.

ஜாபிர் சார்செல் திரும்பி ஆறாவது ஆல்பத்தில் மழையைப் பற்றியும் பெண்களைப் பற்றியும் பாடினான். அது சுமாராகத்தான் போனது. பத்து வயதிலிருந்து அரைத்தூக்கம் தூங்கியவன் இப்போது ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறான். பரங்கிப்பேட்டையில் சைரனைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். மெத்தைக் கடையில் வியாபாரம் கூடியிருக்கிறது. தூக்கத்தைப் பற்றித் தெரிந்தவர் என்று காட்டுமன்னார்கோயிலிலிருந்துகூடக் கல்யாண வீட்டுக்காரர்கள் தேடி வருகிறார்கள். மற்ற மாதங்களில் ஹாஜியார் இரவு பூராவும் தெருவைச் சுற்றுவதால் களவு நின்றுவிட்டது. மீன்பிடிக்கப் போகிறவர்கள், எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று அவரிடம் சாயங்காலமே சொல்லி வைக்கிறார்கள்.

நோன்பு மாதத்தில் அவருடைய வரிசையில் கடைசி வாசல் ஆரிபாவுடையது. விளக்கு எரியாமல் நகரக்கூடாது என்பது முறை. ஆரிபா முதல் தட்டிலேயே விழித்துக்கொள்கிறாள். எழுந்து, பாயைச் சுருட்டி, முகம் கழுவி, இருட்டிலேயே அடுப்பைப் பற்றவைத்து, முந்தின நாள் குழம்பைச் சுடவைத்து, நிதானமாகச் சாப்பிட்டு முடிக்கிறாள். வெளியே தப்ஸ் தட்டும் சத்தமும் “ஆரிபாம்மா, எந்திரிங்க” என்ற குரலும் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. அந்தக் குரல் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கம்மிக்கொண்டு வருகிறது. கை கழுவிவிட்டு வந்து, அவள் விளக்கைப் போடுகிறாள்.