குரல் கம்மும் நேரம்

1

இந்தக் கதை ஒரு கரகரப்பில் பிறந்தது. ஒலிப்புத்தகம் வாசிக்கும் ஒரு பெண் என்னிடம் பேசிக்கொண்டிருந்தாள். திடீரென்று குரல் கம்மியது. "கொஞ்சம் பொறுங்க, இப்ப என் நரம்போட முறை" என்று சிரித்தாள்.

வலிப்புக்காக அவள் நெஞ்சில் தோலுக்கடியில் சின்னக் கருவி ஒன்றை வைத்திருக்கிறார்கள். அது சில நிமிடங்களுக்கொருமுறை கழுத்து நரம்புக்கு லேசாக மின்சாரம் கொடுக்கும்; அப்போதெல்லாம் குரல் கம்மும். மூளையில் எழும் புயலுக்குக் கழுத்தில் வைத்தியம்!

2

"அவள் குரல் தேன்போல—"

[அடித்துவிட்டேன். புளித்துப்போன தேன்.]

மறுபடி: பதிவறையில் அவள், கருவியோடு கொடுத்திருந்த மணிக்கட்டுக் காந்தத்தைக் கழற்றி, கருவியின் மேல் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். காந்தம் அங்கே இருக்கும்வரை கருவி சும்மா இருக்கும், குரலும் கம்மாது. மருத்துவர் அனுமதித்ததுதான். முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

மறந்துவிட்டாள்.

[இவ்வளவு கவனமானவளா மறப்பாள்? எனக்கே சந்தேகம். ஆனால் அன்று ஒரு அத்தியாயம் முழுவதையும் தடங்கலில்லாமல் வாசித்திருந்தாள். அந்தச் சந்தோஷத்தில் எதுதான் மறக்காது?]

3

வீட்டில் வெங்காயம் நறுக்கியபடி வாய் ஓயாமல் பேசினாள். கணவன் சொக்கிப்போனான்.

"என்னடி, இன்னிக்கு குரல் கணீர்னு இருக்கு!"

"நல்லாருக்கா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி போன்ல கேட்ட அதே குரல்."

ஏன் என்று இருவருக்குமே கேட்கத் தோன்றவில்லை, பாவிகள்.

கத்தி விழுந்தது. அடுத்து அவள்.

ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டுக் காந்தத்தைத் தேடினான். [கருவியின் மேல் ஒருமுறை தடவி எடுத்தால் உடனே கூடுதலாகத் தூண்டும்.] மணிக்கட்டில் இல்லை. பையில் இல்லை. நெஞ்சருகே பிளாஸ்திரி தட்டுப்பட்டது. பிய்த்தெடுத்தான். தடவினான்.

[இங்கே அவளைச் சாகடித்து ஒரு வரைவு எழு— வேண்டாம். மனசு வரவில்லை.]

துடிப்பு அடங்கியது. வெகுநேரம் கழித்து, "வெங்காயம்..." என்றாள். குரல் கரகரத்தது. அவன் விம்மி அழுதுவிட்டான்.

"உன் குரல் கம்மும்போதுதான்டி எனக்கு உசிரே வருது. அது வேலை செய்யுதுன்னு அப்பதான் தெரியுது."

4

கடைசி அத்தியாயம் பாக்கி. உள்ளங்கையில் காந்தத்தோடு அவள் மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடிக்கு வெளியே கணவன். "ஆரம்பிக்கலாமாக்கா?" என்கிறார் ஒலிப்பதிவாளர்.

ஒட்டிக்கொண்டு கணீரென்று வாசிக்கலாம். ஒட்டாமல், கம்மக் கம்ம வாசிக்கலாம். இரண்டையும் எழுதினேன். இரண்டிலும் அவள் என்னை முறைக்கிறாள்.

கடைசி வரியை நீங்களே வாய்விட்டுச் சொல்லி முடியுங்கள், இடது கழுத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு. அதே நரம்பு உங்களுக்கும் அங்கேதான் ஓடுகிறது. இத்தனை காலமாக உங்களிடம் அது ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை.

அவள் மூச்சை இழுத்துக்கொள்கிறாள். காந்தம்