ஐரீன் ஹோல்ட்டின் கைகள்

திரையில் தன் கைகளைப் பார்த்ததும் ஞானகுமாரிக்கு முதலில் வந்தது வெட்கம்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் கேன்டீனில் மேசைகளை ஓரங்கட்டிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். அறுபத்து நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் தன் விரல்கள் சுவர் அகலத்துக்குப் பெரிதாகத் தெரிந்ததும், அவள் சட்டென்று இரண்டு கைகளையும் மேல்கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

படம் இங்கிலாந்திலிருந்து வந்தது. தோர்ன்பரி கார் கம்பெனி ஆரம்பித்து நூற்றுப் பத்து வருடம் ஆனதற்காக எடுத்த படம். மழை தூறும் ஒரு சின்ன ஊர், செங்கல் தொழிற்சாலை, பெரிய மீசையோடு அதை ஆரம்பித்தவர், இந்திய ராஜாக்கள் வாங்கிப்போன நீளமான கார்கள் என்று வரிசையாக வந்தது. அந்தக் கம்பெனி இப்போது செய்யும் கார்களின் ஸ்டீயரிங்குக்குத் தோல் உறை தைக்கிற வேலை பத்து வருடமாக அம்பத்தூரில்தான் நடக்கிறது. இரண்டு ஊசி, மெழுகு தடவிய நூல். ஒரு ஸ்டீயரிங்கைத் தைத்து முடிக்க நாலு மணி நேரம் ஆகும். மெஷினில் தைக்கக் கூடாது என்பது தோர்ன்பரியின் கண்டிப்பு. தைப்பவர்கள் பதினோரு பெண்கள். ஞானகுமாரிதான் மூத்தவள், நாற்பத்தாறு வயது.

கைகள் வந்த இடம் மட்டும் கறுப்பு வெள்ளையில் இருந்தது. வெளிச்சத்தை ஏற்றி விட்டிருந்ததால் தோல் என்ன நிறம் என்றே தெரியவில்லை. ஆனால் இடது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பாடி என்ற பக்கத்து ஊரில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தபோது பிரஸ் மெஷினில் மாட்டி நசுங்கிய விரல் அது. அப்படி ஒரு நகம் இன்னொருத்திக்கு இருக்காது.

பக்கத்தில் இருந்த, கூடத் தைக்கும் மைதிலி அவள் முழங்கையை இடித்தாள். "அக்கா, உன் நகம்க்கா."

அவள் சிரிக்கப் போனாள். அதற்குள் கீழே தமிழில் எழுத்து ஓடியது. இவை ஐரீன் ஹோல்ட்டின் கைகள். தாயிடமிருந்து மகளுக்கு, மூன்று தலைமுறையாக, இதே ஊரில், இதே மேசையில்.

தப்பாகப் படித்துவிட்டோம் என்று நினைத்தாள். ஆனால் ஆங்கிலக் குரலும் ஐரீன் ஹோல்ட் என்றே சொன்னது. அடுத்த காட்சியில் அந்த ஐரீனே ஜன்னலோரமாக நின்று சிரித்தார். அவர் இப்போது மேடையிலும் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதைத் தாண்டிய கனத்த உடம்பு, நீலப் பூப்போட்ட கவுன். அந்தக் காலத்தில் தோர்ன்பரியில் தைத்தவர், கம்பெனியின் பெருமையைச் சொல்வதற்காக அவரை ஊர் ஊராக அழைத்துப் போகிறார்கள் என்று மேனேஜர் வெங்கட் காலையில் சொல்லியிருந்தார். விளக்கு எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஞானகுமாரியின் கைகள் மட்டும் பையை விட்டு வெளியே வரவில்லை.

அந்தக் காட்சியை எடுத்த நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன், புது மாடலுக்குத் தையல் சரியாக இருக்கிறதா என்று காட்ட வேண்டும் என்று வெங்கட் அவளைத் தைக்கச் சொல்லி வீடியோ எடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். தையல் ஓகே ஆகிவிட்டது என்று அன்று எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள். அதன் பிறகு அந்த வீடியோவை யாரும் நினைக்கவே இல்லை.

தொழிலாளர்கள் வரிசையாக வந்து விருந்தாளிக்குக் கை கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஞானகுமாரி வரிசையை விட்டு நழுவப் பார்த்தாள். மைதிலி பின்னால் இருந்து தள்ளினாள். ஐரீனின் விரல் மூட்டுகள் எல்லாம் வீங்கிக் கோணியிருந்தன. அவர் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிக்கொண்டே குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அந்த நகத்தைத் தன் விரலால் தடவினார். முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அவர் தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

பக்கத்தில் நின்ற வெங்கட் அவசரமாகச் சிரித்தார். "உங்க வேலை ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்றாங்கம்மா."

ஞானகுமாரி மிஷன் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவள். பேசத்தான் வராது, கேட்டால் புரியும்.

"சார், அவங்க அப்டி சொல்லல," என்றாள். "தன் கை இப்டி கோணிப்போனதால, படத்துல வர்றது லண்டன்ல யாரோ நடிகையோட கைன்னு அவங்க கிட்ட சொல்லி வெச்சிருந்தாங்களாம். அது இந்தக் கைன்னு இப்பதான் தெரியுதாம்."

வரிசை நின்றுபோனது. வெங்கட்டின் முகம் வெளுத்தது. வீடியோவை அனுப்பியவரே அவர்தான். திரையில் வந்தபோது அவருக்கே அடையாளம் தெரியவில்லை. ஐரீன் யாரையும் பார்க்காமல், பிடித்த கையையும் விடாமல் நின்றார். கூட வந்திருந்த தோர்ன்பரி அதிகாரி மெதுவாக வந்து அவர் தோளைத் தொட்டு அழைத்துப் போனார்.

மதியம் வெங்கட் ஞானகுமாரியை அறைக்குக் கூப்பிட்டார். விளம்பரக்காரர்கள் கையில் கிடைத்த வீடியோவை எடுத்துப் போட்டுவிட்டார்கள், தவறுதான், திருத்திவிடுவோம் என்று அதிகாரி சொன்னதாகச் சொன்னார். அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும், இதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டார். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கையைப் போட்டால் பேரையும் போடச் சொல்லுங்க சார், என்றாள். போடுவார்கள் என்று அவர் தலையாட்டினார்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவளுக்குக் கை ஓடவில்லை. ஊசியைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தால் யாரோ ஒருத்தியுடையதைப் போல இருந்தது. எதிர் மேசையில் இருந்த ராதிகா, உன் ஒரு நகத்துக்காக எங்க சோத்துல மண்ணு உழணுமா என்று கேட்டுவிட்டாள். ஞானகுமாரி குனிந்து ஊசியைத் தோலில் குத்தினாள். அன்று அவள் தைத்ததில் பாதியைப் பிரிக்க வேண்டியதாயிற்று.

சாயங்காலம் சேக்காட்டில் உள்ள வீட்டுக்கு வந்ததும் கணவர் அந்தோணிராஜிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஆவடியில் டாங்கி செய்கிற தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடமாக வெல்டர். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"நான் இத்தினி வருசமா பத்த வெச்சதுல எதுலனா என் பேரு இருக்குதா? அதுக்கு இன்னா பண்றது?"

"உன் பேரு இல்ல, சரி. வேற ஒருத்தன் பேர எழுதி, அவன்தான் பத்த வெச்சான்னு ஊருக்கெல்லாம் காட்னாங்களா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அவளுடைய இடது கையை இழுத்து அந்த நகத்தைப் பார்த்தார். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் அவர் அதை அப்படி உற்றுப் பார்த்தது இல்லை.

மூன்று வாரம் கழித்துப் புதுப் படம் வந்தது. வெங்கட் அவளை அழைத்து லேப்டாப்பைத் திருப்பி வைத்தார். தோர்ன்பரியே நேரடியாக வருத்தம் தெரிவித்து மெயில் போட்டிருக்கிறது என்றார். ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்டிருந்தது. அதே மழை, அதே செங்கல் கட்டடம், அதே மீசைக்காரர். அவள் நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்தாள்.

அந்த இடம் வந்தது. ஒரு மர மேசை. அதன் மேல் ஒரு தோல் துண்டு, ஒரு நூல்கண்டு, இரண்டு ஊசி. ஜன்னல் வழியாக வெயில் விழுந்தது. அவ்வளவுதான். கீழே எழுத்து ஓடியது. மூன்று தலைமுறையாக, இதே ஊரில், இதே மேசையில்.

"இன்னொரு தடவை போடுங்க சார்."

அவர் போட்டார். அப்போதும் மேசைதான் வந்தது. அவள் தன் கைகளைக் குனிந்து பார்த்தாள். தப்பான பேரைப் பார்த்தபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. அப்போது பேர்தான் இல்லை. இப்போது கையும் இல்லை. தையல் தானாகவே போட்டுக்கொள்ளும் போலிருந்தது.

"அந்த அம்மாவயும் காணோமே சார்?"

ஐரீன் இனிமேல் கம்பெனிக்காகப் பேசப் போவதில்லை, அவரே விலகிக்கொண்டார் என்று கேள்வி என்றார் வெங்கட். பிறகு அவளைப் பார்க்காமல் லேப்டாப்பை மூடினார். "நான் பேரைப் போடச் சொல்லித்தான் எழுதினேன், ஞானகுமாரி. சத்தியமா," என்றார். அவள் அதை நம்பினாள். நம்பி என்ன ஆகப்போகிறது என்றும் நினைத்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் இதை மைதிலியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது மைதிலி தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னாள். விழா அன்று கிளம்பும்போது ஐரீன் மைதிலியிடம் போன் நம்பரைக் கேட்டு வாங்கியிருந்தார். பிரச்சினை ஆகிவிடும் என்று பயந்து அவள் யாரிடமும் சொல்லவில்லை. நேற்று அவரிடமிருந்து மெசேஜ் வந்திருக்கிறது. மைதிலி அதைத் தமிழில் சொல்லிக் காட்டினாள். உன் அக்காவின் பேரைப் போடும்வரை இந்தப் படத்துக்கு முன்னால் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் வெட்கக்கேடு, அந்தப் பேர் எனக்கே சரியாகத் தெரியவில்லை.

ஞானகுமாரி கையிலிருந்த டிபன் பாக்ஸை மூடி வைத்தாள். ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. தனக்காக, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவி வேலையை விட்டிருக்கிறாள் என்பது அவளுக்கு மனதில் ஏறவே இல்லை. கூடப்பிறந்தவர்கள்கூட அவளுக்காக எதையும் விட்டதில்லை.

"போன் போடு," என்றாள்.

"இன்னா பேசுவக்கா?"

"போடுடி."

நாலு முறை மணி அடித்த பிறகு எடுத்தார். மைதிலி ஸ்பீக்கரில் போட்டாள். ஞானகுமாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குச் சொல்வது போல, தன் பேரை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அந்தப் பக்கம் ஐரீன் திருப்பிச் சொன்னார். ஞா வரவே இல்லை, நானா என்று வந்தது. அவள் மறுபடியும் சொன்னாள். நாலாவது தடவை கிட்டத்தட்ட சரியாக வந்தது. எழுத்துக்கூட்டி எழுதிக்கொள்கிறேன், இரு, என்று அவர் பேனா தேடப் போனார். அவர் திரும்பி வரும்வரை இரண்டு பேரும் மரத்தடியில் போனைப் பிடித்தபடி காத்திருந்தார்கள்.