நிறம் போன தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு செத்த மீனிலிருந்து வந்தது. உத்வேகம், தரிசனம் என்று எதுவும் இல்லை. அக்கா போனில் மீன் செத்ததைச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: ஊதா ஒளியில் நீர் ஒரு கனவைப் போல...

[நிறுத்து. சாய ஆலைக் கழிவுநீர் அது. கனவாம்.]

இரண்டாவது: அக்கா ஒரு சாய ஆலையில், கழிவுநீரைச் சுத்தம் செய்யும் அறையில் வேலை பார்க்கிறாள்.

இது போதும்.

2

அறையில் ஆளுயர எஃகுக் குழாய் ஒன்று நிற்கிறது. அதன் நடுவே, கண்ணாடி உறைக்குள் புற ஊதா விளக்கு. கழிவுநீரில் பெராக்சைடு என்ற ரசாயனத்தைக் கலந்து அதற்குள் சுற்றவிடுவார்கள். ஒளி பெராக்சைடை உடைக்கும். உடைந்த துணுக்குகள் எதிர்ப்பட்டதையெல்லாம் கடித்துக் குதறும். சாயமும் துண்டுதுண்டாகும்.

(சூது இங்கேதான். முதலில் அறுபடுவது நிறம் தரும் கண்ணி. தண்ணீர் சீக்கிரமே பளிச்சென்று ஆகிவிடும். மிச்சத் துண்டுகள் உள்ளேயே கிடக்கும். சில துண்டுகள் முழுச் சாயத்தைவிடக் கெட்டவை. செலவாகாத பெராக்சைடும் கூடவே கிடக்கும். எல்லாம் சிதைந்து முடியும்வரை விளக்கு எரிய வேண்டும். எரிந்தால் மின்கட்டணம் ஏறும்.)

மானேஜர் கதவருகே நின்றுதான் பேசுவார். உள்ளே வரமாட்டார்.

"நிறம் போயிடுச்சுல்ல? அணைச்சிடும்மா."

"உள்ள இன்னும் இருக்கு சார்."

"உன் கண்ணுக்குத் தெரியுதா?"

"தெரியல சார்."

"அப்புறம் யார் கண்ணுக்குத் தெரியப்போகுது?"

3

முதல் பிரதியில் மானேஜரை ஒன்றும் தெரியாத மடையனாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். தெரியாமல் செய்தார் என்று எழுதுவது அவருக்குச் செய்யும் உபகாரம். இதையே படித்துப் பட்டம் வாங்கியவர் அவர். குழாயை வாங்கியபோது துண்டுகளைப் பற்றி வகுப்பே எடுத்தார்.

அக்காவை வீராங்கனையாக்கியிருந்தேன். அதுவும் பொய். அணைக்கச் சொன்னால் அணைக்கிறாள். அந்தத் தண்ணீர் ஆலைக்குப் பின்னால் வாய்க்காலில் இறங்குகிறது. வாய்க்காலின் கடைசி வீடு அவளுடையது. குடிப்பது அதை ஒட்டிய கிணற்றுத் தண்ணீர்.

"நான் திறந்து விடுற தண்ணிடா. நான் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள அது போய் உக்காந்திருக்கு."

"வேலைய விட்டுடுக்கா."

"நீயும் இதே ஆலையில ராத்திரி ஷிப்டை விட்டுட்டு ஓடினவன்தானே, என்னடா மாறிச்சு? நான் போனா வேற ஒருத்தி அணைப்பா. பேச வந்துட்டான் பெரிய இவன்."

[பதில் சொன்னேன் என்று ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டேன்.]

4

மீனுக்கு வருவோம். ஆலை வாசலில் ஒரு கண்ணாடித் தொட்டி. 'நாங்கள் சுத்தம் செய்த நீர்' என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். நிரப்புவது நல்ல குடிதண்ணீர். வருபவர்கள் மீனைப் பார்ப்பார்கள், தலையாட்டுவார்கள், போவார்கள்.

துணி வாங்கும் கம்பெனிக்காரர்கள் வரவிருந்த நாளில் அக்கா ஒரு வேலை செய்தாள். காலையில் தொட்டியைக் கழுவி, வாய்க்காலுக்குப் போகும் தண்ணீரையே பிடித்து நிரப்பினாள். எழுதி ஒட்டியிருந்தது அன்று ஒரு நாள் உண்மையானது.

அவர்கள் வந்தபோது மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்துகொண்டிருந்தன.

5

முடிவு ஒன்று: வந்தவர்கள் அதிர்ந்தார்கள். மானேஜர் தலைகுனிந்தார். அன்றிலிருந்து விளக்கு...

[எனக்கே சிரிப்பு வருகிறது.]

முடிவு இரண்டு: அக்காவை வேலையைவிட்டு நீக்கினார்கள். நீங்கள் கலங்குவீர்கள், புத்தகத்தை மூடுவீர்கள், மறப்பீர்கள். தர மாட்டேன்.

நடந்தது இதுதான்.

"வயசான மீன் சார்," என்றார் மானேஜர்.

"எங்க வீட்லயும் அப்படித்தான். வாங்கின வாரமே போயிடும்," என்றார் வந்தவர்களில் ஒருவர். "ஆனா தண்ணி பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு."

எல்லோரும் தண்ணீரைப் பாராட்டினார்கள். பிறகு டீ குடிக்கப் போனார்கள். தொட்டியை அக்காவே கழுவினாள்.

6

இந்த இடத்தில் நிறுத்தினால் கதை தெளிவாக இருக்கும். அதனால்தான் நிறுத்தவில்லை.

அக்கா இப்போதும் ஸ்விட்சருகே நிற்கிறாள். தண்ணீரில் நிறம் போய்விட்டது. கதவருகே மானேஜர் தொண்டையைச் செருமுகிறார்.

என்னால் அவளைக் காப்பாற்ற முடியும். ஒரு வரி போதும்: அக்கா அந்த வீட்டைக் காலி செய்து மேட்டுத் தெருவுக்குக் குடிபோனாள். எழுதிவிட்டேன். ஆனால் வாய்க்கால் அப்படியே ஓடுகிறது, கிணறு இருக்கிறது, வீடு காலியாக இருக்கிறது. வாடகை குறைவு.

நீங்கள் குடிவாருங்கள். பாத்திரங்களை அடுக்குங்கள், பிள்ளைகளைக் கூப்பிடுங்கள், கிணற்றில் ஒரு வாளி இறையுங்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும்.

பிறகு அக்காவிடம் சொல்லுங்கள், விளக்கை எப்போது அணைக்கலாமென்று.