ஈறு நிறக் கைப்பிடி

அண்ணன் அந்த ஜாய்ஸ்டிக்கைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து, ஒற்றை விரலால் சாய்த்துப் பார்த்தான். விரலை எடுத்ததும் அது 'டக்' என்று நடுவுக்கு வந்து நின்றது. மறுபடியும் சாய்த்தான். மறுபடியும் டக். கட்டுப் போட்ட வலது காலை ஸ்டூலின்மேல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், ஏதோ அவமானப்படுத்தப்பட்டவனைப் போல என்னைப் பார்த்தான்.

"என்ன பல்லு இது? ஐஸ்கிரீம் குச்சியைக் குடுத்து விமானம் ஓட்டச் சொல்றாங்க."

பல்லு என்பது அவன் தங்கச்சியான நான்தான். பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செட் செய்துகொடுக்கும் லேப் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக ஞாபகம் இல்லை. அண்ணனுக்கும் எனக்கும் மூன்று தெரு இடைவெளி. அவன் கால் உடைந்ததிலிருந்து வேலை முடிந்து நேராக அவன் வீட்டுக்குப் போய், அவனுடைய புலம்பலைக் கேட்டுவிட்டுத்தான் என் வீட்டுக்குப் போவேன்.

அண்ணன் வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டுகிறவன். ஒரே ஆள் உட்காரும் விமானம். பயிருக்கு மேலே மூன்று மீட்டர் உயரத்தில் பறக்க வேண்டும். வயல் முடிகிற இடத்தில் மின்கம்பி இருக்கும். அதற்கு முன்னால் மூக்கைத் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, பக்கத்து வரிசையில் மறுபடி இறங்க வேண்டும். காலையிலிருந்து மத்தியானத்துக்குள் எண்பது தடவை இப்படி. பதினெட்டு வருடம் இதைச் செய்து ஒரு கீறல்கூடப் படாதவன், வீட்டு அலமாரி மேலிருந்து சூட்கேஸை எடுக்க ஏணியில் ஏறி, மூன்றாவது படியிலிருந்து விழுந்தான். பார்க்க வந்த அவனுடைய கம்பெனிக்காரர்கள் எல்லோரும் முதலில் "எந்தப் படி?" என்றுதான் கேட்டார்கள்.

மூன்று மாதம் சும்மா இருக்க முடியாமல்தான் இந்த விளையாட்டு. அவன் ஓட்டும் அதே ரக விமானம் கணினியில் இருக்கிறதாம். விமானம் அதே மாதிரி, சத்தம் அதே மாதிரி, இந்தக் குச்சி மட்டும்தான் சரியில்லை. அவனுடைய நிஜ விமானத்தில் இரண்டு முழங்கால்களுக்கு நடுவே தரையிலிருந்து நீளமாக ஒரு தண்டு எழும்பி நிற்கும். அதில் ஒரே ஒரு பட்டன். அமுக்கினால் மருந்து, விட்டால் நிற்கும். இதிலோ பன்னிரண்டு பட்டன். தடிமனான பிடி, குட்டையான தண்டு, எல்லாவற்றுக்கும் மேலே அந்த டக். "நிஜத்துல நடு எதுன்னு கைக்குச் சொல்லித் தரவே மாட்டாங்க, பல்லு. கையாத்தான் தெரிஞ்சுக்கணும்," என்றான்.

நான் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ரகம் இல்லை. அன்றைக்கே அதைப் பிரித்துப் போட்டேன். உள்ளே நடுப்பள்ளம் ஒன்று இருந்தது. தண்டு அதில் போய் விழும்போதுதான் அந்த டக். பல் செட்டுகளை அராவுகிற கருவியால் பள்ளத்தின் ஓரங்களைத் தேய்த்து வழுவழுப்பாக்கினேன். இரண்டு ஊன்றுகோலில் இனி ஒன்று போதும் என்று டாக்டர் சொன்ன தினமே, மற்றதை எடுத்து முழங்கை நீளத்துக்கு அறுத்துத் தண்டாக்கினேன். அண்ணி ஆஸ்பத்திரிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது அது என்று கத்தியபோது பாதி அறுத்தாகிவிட்டது. தண்டு நீண்டதும் ஸ்பிரிங் தொளதொளவென்று ஆனது. நான்கு கடை ஏறி இறங்கித் தடித்த ஸ்பிரிங் தேடிப் போட்டேன். நாற்காலியின் முன்பக்கம் ஒரு பலகை அடித்து, முழு அமைப்பையும் அவன் முழங்கால்களுக்கு நடுவே திருகி நிறுத்தினேன். கால் உடைந்த பிறகு முதல் தடவையாக அண்ணன் விசிலடித்தான்.

மிச்சம் இருந்தது கைப்பிடி. அது என் தொழில். பல் அச்சு எடுக்கிற, மாவு மாதிரியான 'புட்டி'யைப் பிசைந்து தண்டைச் சுற்றி அப்பினேன். விமானத்தில் பிடிக்கிற மாதிரியே பிடி, நான்கு நிமிடம் அசையாதே என்றேன். பிடித்தான். நேரம் முடிந்து கையை எடுத்ததும் பார்த்தேன். ஒவ்வொரு விரல் பள்ளத்தின் ஓரத்திலும் மெல்லிய கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஒரு விரலுக்கு இரண்டு மூன்று ஓரங்கள்.

லேபுக்கு இப்படிப்பட்ட அச்சு மாதத்துக்கு ஒன்றாவது வரும். உடனே டாக்டருக்கு போன் போட்டு, "பேஷண்ட் ஆடிட்டார், மறுபடி எடுங்க," என்று சொல்லிவிடுவோம். இப்படிக் கோடு விழ வேறு காரணமே கிடையாது.

"புட்டி பழசாயிடுச்சு," என்று அண்ணனிடம் சொன்னேன். புதுசாகப் பிசைந்து இன்னொரு தடவை பிடிக்கச் சொன்னேன். இந்தத் தடவை கடிகாரத்தைப் பார்க்காமல் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஏதோ பழைய கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். கட்டை விரலுக்குக் கீழே இருக்கிற சதை, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, ஆடிக்கொண்டே இருந்தது. "இந்தத் தடவை நல்லா வந்திருக்கு," என்றேன்.

லேபில் உட்கார்ந்து, அந்த அச்சை மெழுகில் பிரதி எடுத்து, சூடான கத்தியால் கோடுகளையெல்லாம் வழித்துவிட்டேன். எது உண்மையான ஓரம் என்று தெரியாத இடங்களில், அசையாத ஒரு கை எப்படிப் பிடித்திருக்குமோ அப்படிச் செதுக்கினேன். பிறகு பொய்ப்பல் செட்டுக்கு ஊற்றுகிற அதே பிளாஸ்டிக்கில் வார்த்தேன். என்னிடம் இருந்தது ஈறு நிறம் மட்டும்தான். ரோஸ் நிறத்தில் பளபளவென்று வந்து நின்ற கைப்பிடியைப் பார்த்து அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள்.

"உங்க விமானத்துக்கு ஈறு முளைச்சிருக்குங்க. ஏன்டி, நாலு பல்லும் வெச்சுக் குடுத்திருக்கலாம்ல?"

அவன் உட்கார்ந்து பறக்க ஆரம்பித்தான். நான் பின்னால் நின்றேன். திரையில் வயல்கள், தூரத்தில் ஒரு கொட்டகை. விமானம் நேராகப் போக வேண்டிய இடத்தில் இறக்கைகள் விடாமல் சின்னதாக ஆடிக்கொண்டிருந்தன. "ஸ்பிரிங் சரியில்ல," என்றான். ஸ்பிரிங்கை மாற்றினேன். "கிரீஸ் பத்தல," என்றான். கெட்டியான கிரீஸ் வைத்தேன். மூன்றாவது நாள் பாதியில் கணினியை அணைத்துவிட்டு, சாப்பாடும் வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மருந்துக் கடை வேலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த அண்ணி, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் அவன் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அந்த விளையாட்டின் அமைப்புகளைத் திறந்தேன். அதில் 'டெட் ஸோன்' என்று ஒன்று இருக்கிறது. தண்டு நடுவிலிருந்து இவ்வளவுக்குள் அசைந்தால் அதைக் கணக்கில் எடுக்காதே என்று கணினிக்குச் சொல்லிவைக்கிற இடம். அது சைபரில் இருந்தது. பதினைந்துக்கு இழுத்துவிட்டேன். ஏதோ ஒரு விளையாட்டு, அவன் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்றுதான் நினைத்தேன். வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. அதுதான் என் தப்பு.

அன்று முதல் வீடே மாறியது. இறக்கைகள் ஆணி அடித்த மாதிரி நின்றன. அண்ணன் கம்பிக்கு அடியில் புகுந்து போனான், கொட்டகையை உரசிக்கொண்டு திரும்பினான், அண்ணியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து வயல் வயலாகக் காட்டினான். சாப்பாட்டை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினான். காலில் கட்டுப் பிரித்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் போனபோது அண்ணி வீட்டில் இல்லை. அண்ணன் பறந்துகொண்டே, தலையைத் திருப்பாமல் சொன்னான்.

"செவ்வாய்க்கிழமை மெடிக்கல் டெஸ்டுக்குத் தேதி வாங்கிட்டேன் பல்லு. புதன்கிழமையே விமானத்துல ஏறிடுவேன்."

"டெஸ்ட்ல என்னென்ன பார்ப்பாங்க?"

"கண்ணு, காது, பிரஷர், ஈசிஜி. இந்தத் தடவை காலை மடக்கி நீட்டச் சொல்வாங்க. கையை யாரும் பார்க்க மாட்டாங்க." ஒரு திருப்பத்தை முடித்தான். "அதனாலதான் நானே பார்த்துக்கிட்டேன்."

எனக்குப் புரியவில்லை. என்ன பார்த்துக்கொண்டாய் என்று கேட்டேன்.

"உங்கிட்ட சொல்றதுக்கு என்ன? கீழே விழுறதுக்கு முன்னாடியே கை லேசா ஆடுற மாதிரி இருந்துச்சு. சட்டை பட்டன் போடும்போது. வெளிய சொல்லல. இந்த விளையாட்டை எதுக்கு வாங்கினேன்னு நினைக்கிறே? நிஜ விமானம் மாதிரியே ஒண்ணு பண்ணி, அதுல கை நிக்குதான்னு பார்க்கத்தான். நிக்கலைன்னா பேசாம வேலையை விட்டுடணும்னு இருந்தேன். முதல்ல ஆடிச்சு. உயிரே போயிடுச்சு எனக்கு. அப்புறம் பாரு, நின்னுடுச்சு."

அவன் சிரித்தான். ரோஸ் கைப்பிடியைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினான். அவன் தன் கைக்குத் தானே வைத்த பரீட்சையில் விடையை எழுதிவைத்தவள் நான். சொன்னால் இந்த முகம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் புதன்கிழமை, மூன்று மீட்டர் உயரம், கம்பி. யோசிக்க ஒன்றுமே இல்லை. ஆனாலும் வாய் திறக்க எனக்கு ஒரு முழு வயல் தேவைப்பட்டது.

"அண்ணா, அதுல ஒரு செட்டிங் இருக்கு."

"எதுல?"

"நடுவுல ஆடினா கணக்குல எடுக்காம விடுற செட்டிங். நான் மாத்தி வெச்சேன். நீ குளிக்கப் போனப்ப."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. விமானம் போய்க்கொண்டிருந்தது.

"எவ்வளவு?"

"பதினஞ்சு."

"அச்சு எடுத்தப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

திட்டுவான் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பழைய மாதிரி வெச்சிடு என்று மட்டும் சொன்னான். நான் குனிந்து அமைப்புகளைத் திறந்து, சைபருக்கு இழுத்துவிட்டு, மன்னிச்சுக்கோ அண்ணா என்றேன். அவன் அதைக் காதில் வாங்கினானா என்று தெரியவில்லை.

உயரத்தைப் பிடித்து, நேராக்கி, வேகத்தைச் சரிசெய்துகொண்டான். எல்லாம் ஒரு தேர்ந்த ஆளின் நிதானத்தோடு. பிறகு வயலை நோக்கிப் போனான். இறக்கைகள் ஆட ஆரம்பித்தன. பெரிதாக இல்லை, வெளியாள் பார்த்தால் காற்று என்று நினைப்பான். அவன் பிடியை இறுக்கினான், ஆட்டம் கூடியது. தளர்த்தினான், கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. இடது கையை மேலே வைத்து அழுத்திப் பார்த்தான். நான் இரண்டு தடவை வேறு பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

"ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு," என்றான் கடைசியில்.

வாசல் கதவு திறந்தது. அண்ணி பையைத் தோளில் மாட்டியபடியே உள்ளே வந்து, வழக்கம்போல அவன் பறப்பதைப் பார்க்க நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவளுக்கு யார் சொல்வது, நானா அவனா என்று நான் அவனைப் பார்த்தேன். அவன் கைப்பிடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து, இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டான்.

"என்னங்க, கையை விட்டுட்டீங்க? விழுந்துடாதா?"

"விழாது. பாரு," என்றான் அண்ணன்.

யாரும் பிடிக்காத தண்டு நடுவில் அசையாமல் நின்றது. திரையில் வயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக விமானத்துக்கு அடியில் நழுவிப் போயின. இறக்கைகள் துளிகூட ஆடவில்லை.